நெல்லையில் கார் சர்வீஸ் ஃபிரான்சைஸ்: 25 லட்சம் போதுமா?

கேள்வி இதுதான். ஷார்ஜாவில் ஒரு கார் ஒர்க்ஷாப்பில் ஃபோர்மேனாக இருக்கும் பாளையங்கோட்டைத் தம்பி ஒருவர் ஊருக்கே திரும்பிவிட நினைக்கிறார். டிப்ளமோ படித்தவர். கையில் 19 லட்சம் சேமிப்பு. பெரிய பெயர் ஒன்றின் ஃபிரான்சைஸ் எடுத்து, எல்லாக் கம்பெனி கார்களுக்கும் சர்வீஸ் செய்யும் சென்டர் போட ஆசை. கம்பெனி ஆள் "மொத்தம் 25 லட்சம் போதும்" என்கிறாராம். மீதிக்கு மானியக் கடன் கிடைக்குமா, இல்லை அம்மா பெயரில் இருக்கும் வீட்டை அடமானம் வைக்கலாமா என்று கேட்கிறார்.

சிறுதொழில்களுக்கு வங்கிக் கடன் வாங்கத் திட்ட அறிக்கை எழுதிக் கொடுப்பது என் வேலை. மில், பேக்கரி, பட்டறை என்று இந்தப் பக்கத்தில் பலவற்றின் கணக்கைப் பார்த்திருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

தம்பி, 25 லட்சம் போதாது. கம்பெனி ஆள் சொல்வது பொய் என்று இல்லை. அவர் சொல்வது கடை திறக்கும் நாள் வரைக்கான செலவு, அதுவும் முழுதாக இல்லை. திறந்த பிறகு வண்டி வந்து சேரும்வரை கடையைத் தாங்கிப் பிடிக்கும் பணம் அந்தக் கணக்கில் இருக்காது. நன்றாக வேலை தெரிந்தவர்கள் மூடிவிட்டுப் போவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

நான்கு வண்டி நிற்கும் அளவில், சுமார் 3,000 சதுர அடியில் ஒரு சென்டர் என்று வைத்துக்கொள்வோம். ஃபிரான்சைஸ் கட்டணம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 3 லட்சம் என்றால் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 3.54 லட்சம். வாடகை மாதம் 45,000 என்றால், நம் ஊர் வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ் 4.5 லட்சம். ஷெட், தரை, பெயிண்ட், பெயர்ப்பலகை எல்லாம் 6 லட்சம். பலகையும் நிறமும் கம்பெனி சொன்ன ஆளிடம்தான் செய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். உள்ளூர் விலையைவிட அது கூடத்தான் வரும்.

மெஷின்கள்தான் பெரிய செலவு. இரண்டு தூண் லிஃப்ட் இரண்டுக்கு 4 லட்சம். வீல் அலைன்மென்ட், பேலன்சிங், டயர் மாற்றும் மெஷின் மூன்றும் சேர்ந்து 7 லட்சம். கம்ப்ரசரும் காற்று டூல்ஸும் 2 லட்சம், வண்டியின் கோளாறைக் காட்டும் ஸ்கேனர் 1 லட்சம், ஏ.சி. கேஸ் மெஷின் 2 லட்சம், வாட்டர் வாஷ் 1 லட்சம். கை டூல்ஸ், ஜாக்கி, டிராலி, இன்ஜின் தூக்கும் கிரேன் எல்லாம் 2 லட்சம். கம்ப்யூட்டர், நாற்காலி, இன்வெர்ட்டர், கேமரா 1 லட்சம். ஆகமொத்தம் வரியோடு 20 லட்சம். இவை தோராய விலைகள். பிராண்டைப் பொறுத்து ஏறும், இறங்கும். இந்த 20-ல் மூன்று லட்சம் சொச்சம் ஜி.எஸ்.டி. நீங்கள் போடப்போகும் பில்களின் வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் முதலில் உங்கள் கையிலிருந்துதான் போக வேண்டும். அதனால் காம்போசிஷன் முறையில் (சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் முறை) பதிவு செய்துவிடாதீர்கள், அந்தக் கழிவு கிடைக்காமல் போய்விடும்.

ஆரம்ப ஸ்டாக்காக ஆயில், ஃபில்டர், பிரேக் பேட், பேட்டரி வகையறாவுக்கு 4 லட்சம். மும்முனை மின் இணைப்பு டெபாசிட், மாநகராட்சி உரிமம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு, இதற்கெல்லாம் 1 லட்சம். வாரியத்து வேலையைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். கழிவு ஆயில் சட்டப்படி அபாயக் கழிவு. அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுத்து ரசீது வைத்திருக்க வேண்டும். வாட்டர் வாஷ் தண்ணீரை அப்படியே வாய்க்காலில் விட முடியாது, ஆயில் பிரிக்கும் தொட்டி கட்ட வேண்டும். இங்கே எந்த வாய்க்காலும் கடைசியில் யாரோ ஒருவர் வயலுக்கோ தாமிரபரணிக்கோதான் போகிறது. சட்டத்துக்காக மட்டும் இல்லாமல் அதற்காகவும் இதைச் செய்யுங்கள்.

கூட்டினால் 39 லட்சம். இன்னும் ஒரு வண்டிகூட உள்ளே வரவில்லை.

இனி வண்டி வந்தால் என்ன நிற்கும் என்று பார்ப்போம். ஐந்து வருடம் ஓடிய ஒரு பெட்ரோல் ஸ்விஃப்ட் சர்வீஸுக்கு வருகிறது. பில்லில் இப்படி இருக்கும்: ஆயில் 1,400, ஆயில் ஃபில்டர் 120, ஏர் ஃபில்டர் 280, முன் பிரேக் பேட் 900. ஸ்பேர்ஸ் 2,700 ஆயிற்று. சர்வீஸ் லேபர் 1,100, நான்கு சக்கரமும் கழற்றி பிரேக் வேலை 700. லேபர் 1,800. மொத்தம் 4,500, அதற்குமேல் வரி. ஒரு நல்ல விஷயம், 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிபாகங்கள் எல்லாம் 18 சதவீதத்துக்கு வந்துவிட்டன. முன்பு பலவற்றுக்கு 28 சதவீதம். வாடிக்கையாளருக்கு பில் குறைந்தது, உங்களுக்கு ஸ்டாக்கில் முடங்கும் பணமும் குறைந்தது.

இந்த 4,500-ல் ஸ்பேர்ஸில் 20 சதவீதம் லாபம் என்றால் 540. லேபர் 1,800. ஆக 2,340 உங்கள் பக்கம் நிற்கிறது. கம்பெனிக்கு ராயல்டி, அதாவது பெயருக்கான பங்கு, 5 சதவீதம். கேட்கும்போது ஐந்துதானே என்று தோன்றும். ஆனால் அது லாபத்தில் ஐந்து இல்லை, விற்பனையில் ஐந்து. 4,500-க்கு 225 ரூபாய். உங்கள் பக்கம் நின்ற 2,340-ல் அது கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. அப்புறம் "ஸ்பேர்ஸ் எங்களிடமே வாங்க வேண்டும்" என்று ஒரு நிபந்தனை வரும். அதனால் உங்கள் லாபம் 20-லிருந்து 12 சதவீதமாக இறங்கினால் ஒரு வண்டிக்கு இன்னொரு 216 ரூபாய் போகும். பெயர் ராயல்டி இல்லை, வேலை அதேதான். ஒப்பந்தத்தில் ராயல்டி சதவீதத்தைவிட இந்த ஸ்பேர்ஸ் நிபந்தனையைத்தான் நீங்கள் உட்கார்ந்து பேச வேண்டும்.

ராயல்டியும் துணி, கிளீனர் போன்ற சில்லறையும் போக ஒரு வண்டிக்கு 2,050 நிற்கிறது என்று வையுங்கள். மாதச் செலவு என்ன? வாடகை 45,000. சம்பளம்: ஃபோர்மேனுக்கு 28,000, நல்ல மெக்கானிக் இருவருக்கு 44,000, ஹெல்பர் இருவருக்கு 24,000, வாட்டர் வாஷ் பையனுக்கு 12,000, முன்னால் உட்கார்ந்து ஜாப் கார்டு போடுகிறவருக்கு 15,000. கரண்ட் 15,000, சாஃப்ட்வேர், போன் 7,000, விளம்பரம் 10,000. சரியாக 2 லட்சம். உங்கள் 19 போக மீதி முழுக்கக் கடன் என்றால், கடையைத் தாங்கிப் பிடிக்கும் நடைமுறைப் பணம் 8 லட்சத்தையும் (அதன் கணக்கு பின்னால் வரும்) சேர்த்து 28 லட்சம் வாங்க வேண்டியிருக்கும். 11 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் தவணை 61,000. ஆக மாதம் 2,61,000. அதை 2,050-ஆல் வகுத்தால் 127 வண்டி. 26 வேலை நாளில் தினமும் ஐந்து. இதில் உங்கள் வீட்டுச் செலவுக்கு ஒரு ரூபாய் இல்லை. வீட்டுக்கு 40,000 எடுக்க வேண்டுமானால் மாதம் 147 வண்டி வேண்டும்.

புதுக் கடைக்கு முதல் மாதமே 147 வண்டி வராது. புது கார் வாங்குகிறவர் வாரண்டி முடியும்வரை கம்பெனி ஷோரூமுக்குத்தான் போவார். வாரண்டி முடிந்தவர் கையில் ஏற்கெனவே ஒரு மெக்கானிக் அண்ணாச்சி இருக்கிறார். அந்த அண்ணாச்சி ராத்திரி பத்து மணிக்குப் போன் எடுப்பார், பாதிப் பணத்தை அடுத்த மாதம் வாங்கிக்கொள்வார். அவரை விட்டு உங்களிடம் வரக் காலம் பிடிக்கும். முதல் ஆறு மாதம் 40, 50, 65, 80, 95, 110 என்று ஏறினால் அது நல்ல வளர்ச்சி. அந்த நல்ல வளர்ச்சியிலும், வங்கி ஆறு மாதம் அசலைத் தள்ளிவைத்து வட்டி மட்டும் வாங்கினாலும், சுமார் நாலரை லட்சம் குறையும். வீட்டுச் செலவு 2.4 லட்சம். இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து வர வேண்டிய பாக்கி ஒன்றிரண்டு நிற்கும், அதற்கு ஒரு லட்சம். 8 லட்சம் இல்லாமல் ஷட்டரைத் தூக்காதீர்கள். 39-உம் 8-உம் 47. கம்பெனி ஆள் சொன்ன 25-க்கும் இதற்கும் உள்ள தூரம் தெரிகிறதா?

பயமுறுத்த இதை எழுதவில்லை. இதைக் குறைக்க வழி இருக்கிறது. இந்தப் பக்கத்தில் இடத்துக்காரரே ஷெட் போட்டுக் கொடுத்து, வாடகையைச் சற்றுக் கூட்டிக்கொள்வது சகஜம். வாடகை 52,000 ஆனாலும் பரவாயில்லை, 5 லட்சம் முதலீடு மிச்சம், அட்வான்ஸில் 70,000 மட்டும் கூடும். அலைன்மென்ட், டயர் மெஷின்களை இரண்டாம் வருடத்துக்குத் தள்ளுங்கள். அதுவரை அந்த வேலையைப் பக்கத்து அலைன்மென்ட் கடைக்கு அனுப்பலாம். 7 லட்சம் மிச்சம். கம்பெனி "எல்லா மெஷினும் முதல் நாளே வேண்டும்" என்று நிற்கும். பேசுங்கள். ஃபோர்மேன் அனுபவம் உள்ள முதலாளி அவர்களுக்கு அடிக்கடி கிடைக்கமாட்டார், அந்தப் பலம் உங்களிடம் இருக்கிறது. இப்படிச் செய்தால் 8 லட்சம் நடைமுறைப் பணத்தோடு சேர்த்து 35.7 லட்சத்தில் முடியும்.

இப்போது எந்தப் பணத்தை எதற்குப் போடுவது என்பது முக்கியம். ஃபிரான்சைஸ் கட்டணம், அட்வான்ஸ், உரிமச் செலவு, நடைமுறைப் பணம், இந்த நான்கும் சொந்தப் பணத்தில் இருக்க வேண்டும். கூட்டினால் 17.74 லட்சம், உங்கள் 19-க்குள் அடங்குகிறது. மெஷின், தரை, பலகை, ஸ்டாக் 18 லட்சம். அதற்கு மட்டும் கடன். மெஷினுக்கு மறுவிற்பனை மதிப்பு உண்டு, வங்கியும் கொட்டேஷனைப் பார்த்துச் சந்தோஷமாகக் கொடுக்கும். கட்டிய ஃபிரான்சைஸ் கட்டணம் திரும்பி வராது. திரும்பி வராத ஒன்றுக்கு வட்டி கட்டக் கூடாது. உங்கள் பங்கு போக 17 லட்சம் கடன் என்றால் தவணை 37,000. தினம் வர வேண்டிய வண்டி பெரிதாகக் குறையாது, மாதம் 119 வேண்டும். ஆனால் தலையில் இருக்கும் கடன் 11 லட்சம் குறைவு. கடை சரியாகப் போகாவிட்டாலும் மெஷினை விற்றுக் கடனில் ஒரு பகுதியையாவது அடைத்துவிடலாம்.

மானியக் கடனைப் பொறுத்தவரை மூன்றைச் சொல்கிறேன். முதலாவது பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம். சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரையான திட்டத்துக்கு மானியம். பொதுப் பிரிவினருக்கு நகரத்தில் 15 சதவீதம், கிராமத்தில் 25. பிற்படுத்தப்பட்டோர், பட்டியலினத்தவர், சிறுபான்மையினர், பெண்கள், முன்னாள் ராணுவத்தினர் முதலானோருக்கு நகரத்தில் 25, கிராமத்தில் 35. இவர்களுக்கு சொந்தப் பங்கு 5 சதவீதம் போதும், மற்றவர்களுக்கு 10. நிலம் வாங்கும் செலவு திட்டத்தில் சேராது. மானியப் பணம் உங்கள் கைக்கு வராது. மூன்று வருடம் வங்கியில் வைப்பாக இருந்து பிறகு கடனில் கழியும். 18 லட்சத்துக்கு 25 சதவீதம் 4.5 லட்சம், 35 சதவீதம் 6.3 லட்சம். இந்த வித்தியாசத்துக்காக மாநகராட்சி எல்லையைத் தாண்டி எங்கோ ஒரு பஞ்சாயத்தில் இடம் பார்க்கிறவர்கள் உண்டு. வண்டி வராத இடத்தில் அந்த 1.8 லட்சம் சில மாதங்களில் கரைந்துவிடும்.

இரண்டாவது தமிழக அரசின் நீட்ஸ் திட்டம். 10 லட்சம் முதல் 5 கோடி வரையான திட்டங்களுக்கு, முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு. மானியம் 25 சதவீதம், உச்சவரம்பு 75 லட்சம், அதோடு வட்டியில் 3 சதவீதம் அரசு ஏற்கும். டிப்ளமோ படித்த உங்களுக்கு இதுதான் சரியாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன். வட்டிச் சலுகை மாதாமாதம் சுமையைக் குறைக்கிறது, அதுதான் காரணம். இரண்டு மானியத்தையும் சேர்த்து வாங்க முடியாது. மூன்றாவது, பட்டியலினத்தவராகவோ பழங்குடியினராகவோ இருந்தால் 2023-ல் வந்த அண்ணல் அம்பேத்கர் பிசினஸ் சாம்பியன்ஸ் திட்டத்தை முதலில் பாருங்கள். மானியம் 35 சதவீதம், வட்டிச் சலுகை 6 சதவீதம். மூன்றுக்கும் போக வேண்டிய இடம் மாவட்டத் தொழில் மையம். வயது வரம்பையும் அந்த மாத நிலவரத்தையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். முத்ரா கடன் பற்றிப் பலர் சொல்வார்கள். முதல்முறை வாங்குகிறவருக்கு அது 10 லட்சம் வரைதான், மானியம் கிடையாது. இந்த அளவுக்குப் போதாது.

அம்மாவின் வீட்டை வைக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். சிறுதொழில் கடனுக்கு சி.ஜி.டி.எம்.எஸ்.இ. என்ற உத்தரவாத நிதி இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு சிறு கட்டணம் கட்டினால் சொத்து அடமானம் இல்லாமல் கடன் தரலாம், வரம்பு கோடிகளில் இருக்கிறது. சில மேலாளர்கள் "ஒரு சொத்து இருந்தால் சீக்கிரம் முடிந்துவிடும்" என்பார்கள். பணிவாக, இந்த உத்தரவாதத்தின் கீழ்தான் வேண்டும் என்று மனுவிலேயே எழுதிக் கொடுங்கள். ஒரு கிளை மறுத்தால் இன்னொரு வங்கி, இல்லையென்றால் தமிழக அரசின் தொழில் முதலீட்டுக் கழகமான டி.ஐ.ஐ.சி. ஸ்டாக் வாங்க அவசரமென்றால் நகைக்கடன் குறுகிய காலத்துக்குப் பரவாயில்லை. மீட்டர் வட்டிப் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

இடம் பார்க்கும்போது 2023 டிசம்பர் 17, 18-ஐ நினைவில் வையுங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, தாமிரபரணி ஊருக்குள் வந்தது. ஜங்ஷன், கொக்கிரகுளம், வண்ணார்பேட்டைப் பக்கம் இடம் பார்த்தால், அன்று தண்ணீர் எதுவரை நின்றது என்று பக்கத்துக் கடையில் கேளுங்கள். சுவரில் கைவைத்தே காட்டுவார்கள். லிஃப்ட் மோட்டாரையும் கம்ப்ரசரையும் அந்த மட்டத்துக்கு மேலே ஏற்றி வைக்க முடியுமா என்று பாருங்கள். தீ, வெள்ளக் காப்பீடு எடுக்கும்போது உங்கள் சொத்து மட்டும் இல்லாமல், கடையில் நிற்கும் வாடிக்கையாளர் வண்டிகளும் சேர்கின்றனவா என்று எழுத்தில் வாங்குங்கள். பெரும்பாலும் அது தனியாகச் சேர்க்க வேண்டியது. எனக்கு என்னவோ பெருமாள்புரம், மகாராஜநகர், கே.டி.சி. நகர்ப் பக்கம்தான் பிடித்திருக்கிறது. சொந்தக் கார் வைத்திருக்கும் சம்பளக்காரக் குடும்பங்கள் அங்கே நெருக்கமாக இருக்கின்றன. கார்த்திகை பிறந்தால் சபரிமலை போகிற வண்டிகள் வரும், சித்திரை வெயிலில் ஏ.சி. வேலை வரும். ஐப்பசியில் திறந்தால் இரண்டுக்கும் முன்னால் கை பழகிவிடும்.

வாடகை ஒப்பந்தத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஃபிரான்சைஸ் ஐந்து வருடம், கடன் ஐந்து வருடம், ஆனால் இடத்துக்காரர் பதினொரு மாதத்துக்குத்தான் எழுதித் தருவார். ஒரு வருடத்துக்கு மேலான குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும், அந்தச் செலவுக்குப் பயந்துதான் பலர் பதினொன்றில் நிறுத்துவது. செலவை நீங்கள் ஏற்றுக்கொண்டு ஐந்து வருடத்துக்குப் பதிவு செய்யுங்கள். வங்கியும் அதைத்தான் கேட்கும்.

ஃபிரான்சைஸ் தேவையா என்றும் யோசியுங்கள். டி.வி.எஸ். நிறுவனர் சுந்தரம் ஐயங்கார் நம் திருக்குறுங்குடியில் பிறந்தவர். அந்தக் குடும்பத்துப் பெயர் பலகையில் இருந்தால் இந்தப் பக்கத்தில் ஒரு மதிப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பெயர்கள் கைமாறும், விழவும் செய்யும். மாருதியின் நிர்வாக இயக்குநராக இருந்த ஜகதீஷ் கட்டர் 2008-ல் தொடங்கிய கார்னேஷன் என்ற கார் சர்வீஸ் கம்பெனி நிலைக்கவில்லை. 2023 ஜனவரியில் கோமெக்கானிக் என்ற இன்னொரு கார் சர்வீஸ் கம்பெனியின் நிறுவனர்களே கணக்கில் தவறு நடந்ததை ஒப்புக்கொண்டு, பெரும்பகுதி ஊழியர்களை நீக்கினார்கள். நம் நாட்டில் ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டமும் இல்லை, முக்கியமாக 1872-ன் ஒப்பந்தச் சட்டத்தின் கீழ்தான். உள் கணக்கைக் காட்ட வேண்டிய கட்டாயம் கம்பெனிக்குக் கிடையாது. அதனால் நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். கம்பெனி மூலமாக மாதம் எத்தனை வண்டி வரும், எந்த இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் கேஷ்லெஸ் இணைப்பு (ரிப்பேர் பணத்தை அவர்களே நேராகக் கடைக்குத் தருவது) திருநெல்வேலிக்கு நடைமுறையில் இருக்கிறது, எத்தனை கிலோமீட்டருக்குள் இன்னொருவருக்குக் கொடுக்கமாட்டார்கள், முதல் ஆறு மாதம் ராயல்டி விலக்கு உண்டா, பாதியில் விலகினால் என்ன. பதில்கள் வாய்ச்சொல்லாகவே இருந்தால், அவர்கள் விற்பது வெறும் பலகை. பலகையை ஆயில் கம்பெனிகள், தங்கள் ஆயிலை வாங்கினால் போதும் என்று ராயல்டி இல்லாமலே கொடுக்கின்றன. உங்கள் கைவேலைக்கு அதுவே போதுமானதாக இருக்கலாம்.

லீவில் வரும்போது அதே கம்பெனியின் சென்டர்கள் மதுரையிலோ நாகர்கோவிலிலோ இருந்தால், ஒரு சனிக்கிழமை காலையில் போய் வெளியே நின்று பாருங்கள். ஒன்பதிலிருந்து ஒரு மணிக்குள் எத்தனை வண்டி உள்ளே போகிறது என்று எண்ணிவிட்டு, அப்புறம் முதலாளியிடம் பேசுங்கள். நீங்கள் ஷார்ஜாவில் இருந்து வந்தவர் என்று தெரிந்தால் மனம்விட்டுச் சொல்வார்.

கம்பெனிக்குப் பணம் கட்டும் வரிசையும் முக்கியம். முதலில் கடன் மனு, பிறகு வங்கியின் அனுமதிக் கடிதம், அதன்பின் குத்தகைப் பதிவு, கடைசியில் ஃபிரான்சைஸ் கட்டணம். "இந்த மாதக் கடைசிக்குள் கட்டினால் தள்ளுபடி" என்று அவசரப்படுத்தினால், கடன் கிடைக்காவிட்டால் முழுத் தொகையும் 30 நாளில் திரும்பத் தருவோம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அது கையெழுத்தாகும்வரை டோக்கன் அட்வான்ஸ் என்றுகூட ஒரு ரூபாய் அனுப்ப வேண்டாம்.